ஜெயிக்கக்கூடியவரின் மூலை

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கில் புழு வைக்கட்டும், அத்தனையும் சத்தியம். அயோவாவில், பனி மூடிய ஒரு பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் கட்சிக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். அதிபர் தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்க, அவரவர் தமக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நிற்கிறார்கள், தலையை எண்ணுவார்கள். போதுமான ஆள் சேராத மூலை கலைந்துவிட வேண்டும். நாடு முழுக்கக் கருத்துக்கணிப்பில் முன்னணியில் இருக்கும் மிதவாதி செனட்டர் விட்காமின் மூலையில், மினுக்கும் குழல்விளக்கின் கீழ், டோரீன் அவர் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துத் தனியாக நிற்கிறாள். ஈர பூட்ஸுகள் தரையில் கிறீச்சிட்டுப் போகின்றன. ஒன்றும் இவள் பக்கம் திரும்பவில்லை.

"உன் ஆளு ஆறிப்போன காபி, டோரீன்!" எதிர் மூலையிலிருந்து ஆர்லோ கத்துகிறான்.

"ஆறின காபியத்தான் எல்லாராலயும் குடிக்க முடியும், ஆர்லோ! ஜெயிக்கிறவரு இவருதான்."

"போன தடவையும் இதத்தானே சொன்னே? ஜெயிச்சோமா?"

அவள் அட்டையை இன்னும் மேலே தூக்குகிறாள். அப்போது கதவு திறக்காமலே குளிர் உள்ளே வருகிறது. முந்தைய தேர்தல்களில் தோற்ற மிதவாதிகளின் சின்னங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு, ஊர்க் கல்லறையில் படுத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் பின்னால் நிற்கிறார்கள். யார் வாயிலிருந்தும் ஆவி பறக்கவில்லை. கடைசியாக வருபவன் அவள் புருஷன் மெர்ல், தொப்பியில் பனியோடு.

"இந்தத் தடவையாவது ஜெயிப்பாரா, டோரி?"

அவள் நகர்ந்து அவனுக்கு இடம் விடுகிறாள். மூலை நிரம்பிவிட்டது. எண்ணுபவர் விரலை நீட்டியபடி வருகிறார்.

விட்காமின் மூலையில் அன்று எண்ணப்பட்டது ஒரே ஓர் ஆள்.