நாலு விரற்கடை

மயிலாப்பூர் வீட்டுக் கூடம் காலியாகக் கிடக்கிறது. நாளைக் காலையில் தேக்குப் பலகைத் தரை போடும் வேலை தொடங்குகிறது. பீரோ, ரேடியோ, நாற்காலிகள் எல்லாம் சமையலறைவரை நெருக்கியடித்து நிற்க, ஊஞ்சல் மட்டும் பாக்கி. அதில் வேம்பு உட்கார்ந்திருக்கிறாள். சாயங்கால வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல் வெறும் சிமெண்டின்மேல் நீண்டு கிடக்கிறது. அவள் குட்டை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊஞ்சலில் அவள் கால் தரையை எட்டியதில்லை. ஆட வேண்டுமென்றால், “சித்த தள்ளி விடுங்கோளேன்” என்று கணவர் பத்ரியைக் கூப்பிட்டாக வேண்டும். அவரும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையால் தள்ளுவார். தச்சர் கன்னியப்பன் ஒரு சட்டத்தையும் அதன்மேல் ஒரு பலகையையும் அவள் காலுக்குக் கீழே வைத்துக் காட்டுகிறார். “தரை இம்மாம் ஒசரம் ஏறிடும் சார், நாலு வெரக்கடை. சங்கிலில ரெண்டு கண்ணி கொறச்சிட்டா ஊஞ்சல் பழையபடி நிக்கும்.” “கொறைச்சுடுப்பா,” என்கிறார் பத்ரி, தள்ளுவதற்குக் கையை நீட்டிக்கொண்டே. வேம்பு கால் கட்டைவிரலை மெல்ல இறக்குகிறாள். வெயிலில் கிடந்த பலகை வெதுவெதுப்பாக விரலில் படுகிறது. “வேண்டாம், சங்கிலி இருக்கறபடியே இருக்கட்டும்,” என்று சொல்லி ஓர் உந்து உந்துகிறாள். பத்ரியின் கை நீட்டியபடியே நிற்க, ஊஞ்சல் கிரீச்சிட்டுக்கொண்டு போகிறது.