நிற்க விடாத சூப்பர்வைசர்

அந்தத் துணிக்கடையில் வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. அது போதாதென்று, புதிதாக வந்த சூப்பர்வைசர் துண்டுப் பிரிவு அக்காவை நிற்கவும் விடவில்லை.

“அக்கா, மாடியில ஸ்டாக் பார்த்துட்டு வாங்க.”

வந்தால், “கீழே போய் கவர் எடுத்துட்டு வாங்க.”

அன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏன் தம்பி, என்னை மட்டும் பம்பரமா சுத்த விடுறீங்க? என் மேல என்ன கோபம்?”

அவன் குரலைத் தாழ்த்தினான்.

“ஏணியில ஏறும்போது உங்க கால்ல நரம்பு புடைச்சிருந்ததைப் பார்த்தேன்க்கா. எங்கம்மாவும் கடையில வேலை பார்த்தவங்கதான். அசையாம நின்னு நின்னு, ரத்தம் கீழேயே தேங்கி, இப்ப கால்ல ஆறாத புண்ணு. உங்களை உட்கார வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. நடக்க வைக்கத்தான் முடியும்.”