இரட்டிப்பாகும் ஊர்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில், மேயர் கண்ணையன் வகுப்புக்குள் நுழைந்து, மகளின் சிலேட்டை வாத்தியார் சவரிநாதனின் மேசைமேல் எறிந்தார்.

"இன்னாய்யா கணக்கு இது? ஒரு ஊர்ல ஐந்நூறு பேரு. பத்து வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு மடங்காவுது. முப்பது வருசத்துல எத்தினி பேருன்னு என் பொண்ணுகிட்டயே கேக்கறியா?"

"நாலாயிரம்னு சரியாத்தானே போட்டிருக்கா, ஐயா?"

"ஓட்டர் பட்டியலு ரெண்டு மடங்காச்சுன்னு கிண்டல் பண்றியா? எலெக்சன் முடிஞ்சி ஒரு மாசம் ஆவல. செத்தவன் பேருலயும்தான் ஓட்டு வுழுந்துது. எதிராளி மட்டும் போடலியா? இதைப் புள்ளைங்களுக்குக் கணக்கா குடுப்பியா? உன்னைக் காரைக்காலுக்குத் தூக்கிடுவேன்."

சவரிநாதன் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தை விரித்துக் காட்டினார்.

"இதுல இருக்கற கணக்குங்க. பிரான்சுல ஏதோ ஒரு ஊராம். தமிழ்ல சொல்லிக் குடுத்தேன், அவ்வளவுதான்."

கண்ணையன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட வந்த காசம்மாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் நேராக உள்ளே வந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு காலராவுல போயி மூணு வருசமாவுது. போன மாசம் அவரு யாருக்குய்யா ஓட்டுப் போட்டாரு?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணையனின் மகளும் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்தாள்.