எழுதிக் கொடுத்த தாள்

மதியத் தொழுகைக்காக ஷத்லி தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையை மூடப்போன நேரத்தில், ராதியா ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"போன வாரம் நீங்க சரிபண்ணினது. மறுபடியும் திரை முழுக்கக் கோடு."

"வாரண்ட்டி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது, மேடம். நாலு தடவை பார்த்துக் குடுத்துட்டேன்."

"என்னத்தைப் பார்த்தீங்க? ஸ்க்ரூவைக் கழட்டி மாட்டினீங்க. எதிர்க்கடையில உங்க தம்பி இருக்காரே, அவருக்குத்தான் வேலை தெரியும்."

தம்பியோடு ஷத்லி பேசியே மூன்று வருஷமாகிறது.

"அப்ப அவன்கிட்டயே தூக்கிட்டுப் போங்க."

"போறேன். உங்களுக்கு வேலை தெரியலைன்னு எழுதிக் குடுங்க."

"எனக்கா தெரியலை? மெஷின் செத்துப்போச்சு. இதை எவனாலயும் சரிபண்ண முடியாது. அதை வேணா எழுதித் தர்றேன்."

தாளை இழுத்து அழுத்தி எழுதினான். கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் குத்தி அவள் முன்னால் வீசினான்.

"இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

ராதியா தாளை மடித்துப் பத்திரப்படுத்தினாள். அவள் குரல் தணிந்தது.

"மன்னிச்சுக்குங்க. நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவ. படத்தைப் பார்க்கிறது இந்த மெஷின்லதான். இந்தத் தாள் இல்லாம துனிஸ் தலைமை ஆபீஸ்லேருந்து புது மெஷின் அனுப்ப மாட்டாங்க. நீங்களோ நல்ல மனசோட ஒவ்வொரு தடவையும் சரிபண்ணிக் குடுத்துட்டே இருந்தீங்க."

"அதுல என்ன தப்பு?"

"திரையில விழுந்த கோட்டை எலும்பு முறிவுன்னு நினைச்சு, திங்கக்கிழமை ஒரு குழந்தையோட நல்ல கையில மாவுக்கட்டுப் போட்டுட்டோம்."