மூன்று கோடுகள்

கணினித் திரையில் பெருச்சாளியின் மரபணு மேலேயும் எலியின் மரபணு கீழேயும் நின்றன. எழுத்துகள் பெரும்பாலும் பொருந்தினால் உறவு, இல்லாவிட்டால் அந்நியர். எழுத்து விடுபட்ட இடத்தை நிரப்ப, ஓரத்தில் சில கோடுகள் காத்திருந்தன.

"ஐயா, தொடக்கமெல்லாம் ஒன்றாகவே இருக்கிறதே!" என்று எலியின் மரபணு துள்ளியது. நடுவில் எழுத்துகள் விலகின. "ஏ கோடே, எழுத்து விடுபட்ட இந்த இடத்தில் வந்து நில்! அடுத்த எழுத்து பொருந்திவிடும்."

கோடு அசையவில்லை. "உயிரணு உன்னை மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். நான் தனியாக நுழைந்தால் மிச்சமெல்லாம் உளறலாகிவிடும். வந்தால் மூவராகத்தான் வருவோம்."

"மூவரும் வந்தால் அந்த அடுத்த எழுத்து பொருந்தாதே!"

"ஓர் எழுத்துக்காகவா உளறப் போகிறாய்?" என்று அதட்டியது பெருச்சாளியின் மரபணு.

மூன்று கோடுகளும் நுழைந்தன. அந்த ஓர் எழுத்தைத் தவிர, கடைசிவரை எல்லாம் பொருந்தின!

"அண்ணே! கட்டிப்பிடிக்கட்டுமா?"

"ஆடாதே தம்பி! கோடு நகர்ந்தால் மறுபடி அந்நியராகிவிடுவோம்."