நான்கு மொழிகளுக்குக் கீழே

தன் மகள் போகும் குழந்தைகள் காப்பகத்துக்கே இணையதளம் உருவாக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. பல மொழி பேசும் பெற்றோர் வரும் இடம் என்பதால் நான்கு மொழிகளில் கேட்டிருந்தார்கள். மதியம் கடைசியாகச் சரிபார்த்தபோது, மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது.

"இதை நீ சேத்தியா?" என்று பக்கத்து மேசைத் தோழியிடம் கேட்டாள்.

"நாலுக்கே நாக்குத் தள்ளுது. அஞ்சாவது வேறயா?"

அழித்தாள். பக்கத்தைத் திறந்தால் மறுபடியும் இருந்தது. அதை அழுத்தினாள்.

முதல் வரியைப் படித்ததும் எந்த மொழியென்று தெரிந்துவிட்டது. அம்மாவுக்குப் புரியக் கூடாதென்று, சின்ன வயதில் அவளும் அக்காவும் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட பேச்சு அது. காய்ச்சலில் அக்கா கண்ணை மூடிய பிறகு அவள் அதை யாரிடமும் பேசியதில்லை. மற்ற மொழிகளில் 'மாலை ஐந்து மணிக்குக் குழந்தையை அழைத்துச் செல்லலாம்' என்றிருந்த இடத்தில், இதில் 'இன்று நான் அழைத்துப் போகிறேன்' என்றிருந்தது.

உடனே காப்பகத்துக்கு ஃபோன் போட்டாள்.

"பாப்பா சமத்தா இருக்குதும்மா," என்றாள் ஆயா. "கதவுகிட்ட நின்னு தானா பேசிட்டிருக்கு. என்ன பாஷைன்னுதான் தெரியல. நீங்களே கேளுங்களேன்."

மகளின் குரல் கேட்டது. பேசியது, பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நின்றது, பிறகு சிரித்தது. ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது.

"பெரியம்மா, நான் செருப்பு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் மகள்.