பின்கூடத்து ஆறு பேர்

"என் பேரு எத்தனாவது தம்பி?" என்று கேட்டாள் நீலக்கா.

மேஸ்திரி கையிலிருந்த தாளை மடித்தான்.

"எத்தனாவதா இருந்தா என்னக்கா?"

"முதல்ல இருந்தா சீக்கிரம் கெளம்பலாம். இந்நேரத்துக்கு பஸ்ல உக்கார எடம் கெடைக்கும்."

அவன் சிரிக்கவில்லை. அவளுடைய பெயர்தான் முதலில் இருந்தது.

பெரிய சலவை நிலையம் அது. நகரத்து ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அங்கே வந்து வெளுத்துத் திரும்பும். பின்கூடத்தில் துவைப்பு. ஈரம், சோடா நெடி, நீராவி. முன்கூடத்தில் இஸ்திரி, மடிப்பு, மின்விசிறி. பின்கூடத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பிழைப்புத் தேடி வெளியிலிருந்து வந்தவர்கள், கறுத்தவர்கள். முன்கூடத்தில் அந்த ஊர்க்காரர்கள், சிவத்த தோல்காரர்கள். அப்படி இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படியே இருந்தது.

தொழில் மந்தமாகி ஆறு மாதம். ஓட்டல்களில் பாதி அறை காலி. ஆள் படுக்காத விரிப்பு அழுக்காவதில்லை. நேற்று மாலை மேனேஜர் இரண்டு கூடத்து மேஸ்திரிகளையும் கூப்பிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வேலையை விட்டு அனுப்ப, கூடத்துக்கு ஆறு பெயர். காலை பத்து மணிக்குள்.

அவன் எழுதிக் கொடுத்துவிட்டான். சண்டை போடாதவர்களாகப் பார்த்து எழுதினான்.

பதினோரு வருடத்துக்கு முன் அவனைக் கையைப் பிடித்து இந்த வாசலுக்குக் கூட்டி வந்தவள் நீலக்கா. "மெஷின் வேலையெல்லாம் தலைகீழா தெரியும்" என்று அவனுக்காகப் பொய் சொன்னவள். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு அவள் நகக்கண்ணில் நீலம் ஏறிவிட்டது. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

"என் கையில என்னக்கா இருக்கு? ஆறு பேரு எழுதுன்னாங்க. எழுதினேன்."

"நான் உன்ன குத்தம் சொன்னேனா?"

"இல்ல. உங்க வீட்டு நெலமை எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளைக்கு வேற கட்டட வேலை நின்னு போச்சு…"

"தெரிஞ்சும் எழுதியிருக்கன்னா உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். பாவம் நீ."

அவன் தரையிலிருந்த சோப்பு நுரையைப் பார்த்தான். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

உலர்த்தும் மெஷினருகே நின்றிருந்த இளைஞன் வேலையை நிறுத்தாமலே குரல் கொடுத்தான். "வாய் இருக்கிறவனையெல்லாம் விட்டுட்டு, வாயில்லாத ஆறு பேரா பொறுக்கி எடுத்திருக்கீங்க. நல்ல கண்ணு மேஸ்திரி உங்களுக்கு."

"நீ சும்மா இருடா" என்றாள் நீலக்கா. பிறகு மேஸ்திரியிடம் குரலைத் தாழ்த்தினாள். "முன்கூடத்துல எத்தனை பேராம்?"

"அங்கயும் ஆறு பேருதான்க்கா. எல்லாருக்கும் ஒரே கணக்குன்னு மேனேஜர் என் எதிர்லயே சொன்னாரு."

"அப்படியா?" அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப சரி. நம்மள மட்டும்னாதான் மனசு ஆறாது. வீட்ல பொண்ணுகிட்டயும் சொல்லிக்கலாம், அவங்களுக்கும் இதே கதிதான்னு."

ரப்பர் பூட்ஸைக் கழற்றினாள். அது கம்பெனிப் பொருள். குழாயடியில் வைத்து உள்ளும் புறமும் கழுவி, துடைத்து, ஜோடியாக அவன் முன்னால் வைத்தாள்.

"வர்றேன் தம்பி. சாப்பிடாம கெடக்காத."

மற்ற ஐந்து பேரும் அவள் பின்னால் போனார்கள். ஒருவர்கூடக் குரல் உயர்த்தவில்லை.

ஆறு பேரின் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவன் மேனேஜர் அறைக்குப் போனான். மேஜைக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. நின்றுகொண்டான்.

"போயாச்சா?"

"போயிட்டாங்க சார்."

"சத்தம் கித்தம்?"

"இல்ல சார்."

"தங்கமான ஆளுங்கப்பா உன் ஆளுங்க."

அறையின் கண்ணாடி வழியாக முன்கூடம் தெரிந்தது. இஸ்திரி மேஜைகளில் வழக்கம்போல ஆட்கள். யாரோ ஏதோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு மேஜைகூடக் காலியாக இல்லை.

"சார், முன்கூடத்துல அந்த ஆறு பேரு… நாளைக்குப் போறாங்களா?"

"அங்க யாரும் போகல." மேனேஜர் அட்டைகளை இழுப்பறையில் போட்டார். "அந்த மேஸ்திரியம்மா காலையில வந்து இதே நாற்காலியில உக்காந்துகிட்டா. யாரையும் அனுப்பாதீங்க, வாரத்துல ஒரு நாள் எல்லாரும் சம்பளம் இல்லாம வீட்ல இருக்கோம்னு சொன்னா. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். சரின்னுட்டேன்."

மேஸ்திரி மேஜையருகே ஒரு அடி நகர்ந்தான்.

"எங்களுக்கும் அப்படி…"

"உங்க பேப்பர் மேல போயிடுச்சே. கையெழுத்தே ஆயிருக்கும்." மேனேஜர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "காலையில வந்தப்பவே நீயும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. ஏன்ப்பா கேக்கல?"

"கேக்கலாம்னு தெரியாது சார்" என்றான் மேஸ்திரி.